நாஷ்டா கடைக்குப் பின்னால் ஒரு வீடு

கார்குழலி எங்கள் பள்ளிக்கு வந்தபோது அவளுக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை. திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டியிருக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. அவள் ஓவிய ஆசிரியை, பகுதி நேரம். ஆசிரியர் அறையில் என் மேஜை ஓரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் அப்படியே அங்கே தங்கிவிட்டாள். நான் தமிழ் நடத்துகிறவள். அவளைப் பற்றி இங்கே சொல்வதில் பாதி, அந்த ஸ்டூலில் இருந்தபடி அவள் சொன்னது. மீதி, நான் கூடப் போய்ப் பார்த்தது.

வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நீலமேகம் பெரம்பூர் ரயில்வே பணிமனையில் பெயிண்டர். பெட்டிகளின் மேல் எண்ணும் எழுத்தும் எழுதியவர். வீட்டில் புத்தர் படத்துக்குக் கீழே எப்போதும் ஒரு டின்னில் பிரஷ்கள் ஊறிக்கொண்டிருக்குமாம். ஓவியக் கல்லூரியில் படித்து முடித்ததும் ராயபுரத்தில் மதார் சாகிப்பின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாண ஆல்பம் சரிசெய்கிற வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மணப்பெண்களை வெள்ளையாக்க வேண்டும்.

"காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் இதே வேலதான்க்கா," என்று ஒருநாள் சொன்னாள். "எல்லாப் பொண்ணும் என் கலருதான். அத்த அழிச்சி அழிச்சி மைதா மாவாட்டம் ஆக்கணும். ஒரு பொண்ணு வந்து ஆல்பத்தப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, 'இதுல நான் எங்க?'ன்னு கேட்டுச்சி. வெளயாட்டுக்குக் கேக்கல. நெஜமாவே தேடுச்சி. அன்னிக்கே எழுந்து வந்துட்டேன்."

பள்ளியில் சேர்ந்த மறுவருடம், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். தலைமையாசிரியை தேவகிருபை டீச்சர் நாசரேத் பக்கத்துக்காரர்; கண்டிப்பானவர். கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"பிள்ளைக போன் கொண்டாரக் கூடாதுன்னு பையைச் சோதனை போட்டுட்டு இருக்கோம். நீ போட்டோ கிளாஸ் எடுக்கணும்ங்கியே?"

"போன் இல்ல டீச்சர். பழைய பிலிம் கேமரா. அதுல எடுத்தா யாருக்கும் அனுப்ப முடியாது. அவங்களே கழுவி, அவங்களே பிரிண்ட் போட்டாத்தான் படம்."

தேவகிருபை டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெமிஸ்ட்ரி ஸ்டோர் ரூம் சும்மாதான் கெடக்கு. எலி உண்டு, பாத்துக்கோ" என்றார். அதுதான் அனுமதி.

ஜன்னலுக்குத் தார் பூசிய காகிதம். ரசாயனத் தட்டுகளுக்குக் கறி கழுவுகிற பிளாஸ்டிக் டப்புகள். சாமி படத்துக்கு முன்னால் எரியுமே, அந்தச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. நெகடிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச்செய்யும் என்லார்ஜரை, ஸ்டூடியோவின் பின்னறையில் தூசி படிந்து கிடந்ததை, மதார் சாகிப் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார். கேமராக்களை அவளும் அவள் கணவன் டில்லிபாபுவும் மூர் மார்க்கெட்டில் இருந்து தெரிந்தவர் வீட்டுப் பரண் வரைக்கும் தேடிச் சேர்த்தார்கள். டில்லிபாபு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். "எம்பொண்டாட்டி இருட்டுல பாடம் நடத்துறா" என்று யார்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

முதல் படம் வந்த நாளில் நானும் உள்ளே நின்றேன். சிவப்பு வெளிச்சத்தில் எல்லாருடைய முகமும் ஒன்றுபோல இருந்தது. சௌமியா என்ற பெண் வெள்ளைக் காகிதத்தை டப்புக்குள் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுமே இல்லை. அப்புறம் நடுவில் ஒரு சாம்பல் கறை. அது கருத்து, ஒரு காதாக, ஒரு ஜடையாக, அவள் தங்கச்சியாக ஆனது.

"மிஸ்! வருது மிஸ்! வந்துகினே கீது மிஸ்!" என்று அவள் அலறியதில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். வெளிச்சம் பட்டுப் படம் மொத்தமும் கருகிப்போயிற்று. பிள்ளைகள் அவரைத் திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றார்கள். கார்குழலிதான் முதலில் சிரித்தாள்.

அந்த வேலைக்கு அவர்களாகவே பேர் வைத்துக்கொண்டார்கள். என்லார்ஜர் வெளிச்சம் காகிதத்தில் விழும்போது, ஓர் இடம் ரொம்பக் கருக்காமல் இருக்க அந்த இடத்துக்கு மேலே அட்டைத் துண்டைக் காட்டி ஒளியைத் தடுப்பது 'மறைக்கிறது'. ஓர் இடத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் கொடுத்து நன்றாகக் கருக்கவைப்பது 'வாட்டுறது'. மறைத்தால் வெளுக்கும்; வாட்டினால் கருக்கும். "மிஸ், இவ மூஞ்ச கொஞ்சம் வாட்டட்டா?" என்று கேலி நடக்கும்.

அந்த வகுப்பில்தான் மாயா இருந்தாள்.

அதிகம் பேசாத பெண். காலையில் எப்போதும் தாமதமாக வருவாள். வரும்போது அவளோடு சாம்பார் வாசனையும் வரும். எண்ணூருக்குப் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் ராப்பகலாக வரிசைகட்டி நிற்கும் இடத்தில், கிளிஞ்சல்மேடு என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே ஒற்றை அறையில் அவளும் அவள் அம்மா கெங்கம்மாவும் இருந்தார்கள். அப்பா விட்டுப் போய் வெகுகாலம். விடியற்காலையில் அந்த அறையின் முன்பக்கம்தான் கடை. லாரி டிரைவர்களுக்கு இட்லி, வடகறி. பத்து மணிக்கு அடுப்பை அணைத்து, தரையைக் கழுவிவிட்டு, பாயைப் போட்டால் அது மறுபடியும் வீடு.

கார்குழலி ஓவிய வகுப்பில் எழுத்து எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, மாயா ஒரு பலகையில் 'கெங்கம்மா நாஷ்டா கடை' என்று எழுதி, மஞ்சளில் நிழல் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போனாள். கெங்கம்மா அதை வாசலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வருகிற டிரைவர்களிடமெல்லாம், "அதுல இன்னா எய்திகீது, படி நைனா" என்று கேட்டு, அவர்கள் படித்துச் சொல்வதைத் தினமும் கேட்டுக்கொண்டாளாம்.

'உங்கள் வீட்டில் வெளிச்சம் எப்படி நுழைகிறது' என்பதுதான் அந்தப் பருவத்துக்குக் கார்குழலி கொடுத்த வேலை. பிள்ளைகள் ஜன்னலை எடுத்தார்கள், ஓட்டை விழுந்த கூரையை எடுத்தார்கள். மாயா விடியற்காலையில் தன் அம்மாவை எடுத்தாள். இட்லிப் பானையின் மூடியைத் தூக்குகிறாள் கெங்கம்மா. ஆவி எழும்புகிறது. சாலையில் நிற்கும் லாரியின் முன்விளக்கு அந்த ஆவிக்குள் புகுந்து, அவளுடைய கையையும் பாதி முகத்தையும் வெள்ளியாக ஆக்கியிருந்தது. நான் புகைப்படம் அறியாதவள். எனக்கே அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

முதலில் போட்ட சாதாரண பிரிண்டில் வாசல் பலகை இருட்டில் கிடந்தது. கெங்கம்மாவுக்குப் பின்னால் அறையின் உட்புறம் மங்கலாகத் தெரிந்தது. சுருட்டி நிறுத்திய பாய், கொடியில் மாயாவின் பள்ளிச் சீருடை, ஒரு தலையணை, குடங்கள்.

"படம் எத்தப் பாக்கச் சொல்லுது?" என்று கேட்டாள் கார்குழலி.

"அம்மா கைய, மிஸ்."

"ஆனா பின்னால இவ்ளோ சாமான் தெரியுதே, கண்ணு அங்க ஓடுது பாரு. அத்த வாட்டிடலாம். போர்டு எவ்ளோ அழகா எழுதின, அது இருட்டுல பூட்ச்சி. அந்த எடத்த மறைச்சிப் போடலாம். எழுத்து எழும்பி வரும்."

மாயா பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "வூடு தெரிய வேணாமா மிஸ்?"

"வூடு எங்கடி போவப் போவுது?" என்றாள் கார்குழலி.

அவளே கம்பியில் அட்டைத் துண்டை ஒட்டி, மாயாவின் கையைப் பிடித்து, பலகைக்கு மேலே மெல்ல ஆட்டவைத்தாள். அப்புறம் உள்ளங்கைகளைக் குவித்து அறையின் உட்புறத்துக்கு மட்டும் வெளிச்சத்தை விட்டாள். வந்த படத்தில் பாயும் இல்லை, சீருடையும் இல்லை. வழவழவென்ற கறுப்பு. அதன் நடுவே ஆவியும் கையும். மேலே, பளிச்சென்று, கெங்கம்மா நாஷ்டா கடை.

ஆண்டு விழாவில் பிள்ளைகளின் படங்களை மண்டபத்தில் மாட்டினோம். எல்லாரும் நின்றது மாயாவின் படத்துக்கு முன்னால்தான். கெங்கம்மா அன்று காலைக் கடையைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத புடவையில் வந்தாள். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள், எட்ட வந்து பார்த்தாள்.

"இன்னா மிஸ், நான் இவ்ளோ அழகாவா கீறேன்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நாளிதழின் சென்னைப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. கீழே, 'எண்ணூர் சாலையில் பல ஆண்டுகளாக நாஷ்டா கடை நடத்தும் கெங்கம்மா. எடுத்தவர் அவர் மகள்' என்று ஒரு வரி. கெங்கம்மா அதை வெட்டி, லேமினேட் செய்து, கடையிலேயே தொங்கவிட்டாள். கார்குழலி அந்த வாரம் முழுக்க ஸ்டூலில் உட்காரவே இல்லை, நடந்துகொண்டே இருந்தாள். மாயாவை ஓவியக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், அதற்கு என்னென்ன படிக்க வேண்டும் என்பதே பேச்சு.

அடுத்த கோடையில் சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்று சேதி வந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு வழி போதவில்லை. கிளிஞ்சல்மேடு காலியாக வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கு நகரத்தின் இன்னொரு கோடியில் அடுக்குமாடியில் வீடு. கடைகளுக்கு வீடு கிடையாது. கணக்கெடுக்க வந்தவர்கள் காலையில் வந்தார்கள். ஒவ்வொரு கதவிலும் சிவப்பு பெயிண்டில் எண்ணும் பக்கத்தில் ஓர் எழுத்தும் எழுதிவிட்டுப் போனார்கள். வரிசை முழுக்க 'வீ'. கெங்கம்மாவின் கதவில் 'க'.

"போர்டுல கீற எம்பேரு மொத எய்த்துன்னு நெனச்சிகினேன் டீச்சர்," என்று பின்னால் அவள் என்னிடம் சொன்னாள். சாயங்காலம் மாயா வந்து பார்த்துத்தான், அது கடை என்பதற்கான 'க' என்று தெரிந்தது.

அது வீடுதான் என்று காட்டுவதற்குக் கெங்கம்மாவிடம் காகிதம் இல்லை. ரேஷன் கார்டு காசிமேட்டில் புருஷன் வீட்டு விலாசத்திலேயே இருந்தது. மாற்றுவதற்கு எத்தனையோ தடவை அலைந்தும் அது நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து சொன்னார்கள், இவள் இங்கேதான் படுக்கிறாள், இங்கேதான் எழுந்திருக்கிறாள் என்று. "அப்படித்தான் எல்லாக் கடைக்காரரும் சொல்றாங்க" என்று பதில் வந்தது. மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்கள். விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள்.

நாங்கள் நாலு பேரும் போனோம். கெங்கம்மா, மாயா, கார்குழலி, நான். அந்த அதிகாரி கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. இளவயசு, தூக்கம் கெட்ட கண்கள். எங்களை உட்காரச் சொன்னார். பைலைப் பிரித்தபோது முதல் தாளாக இருந்தது அந்த நாளிதழ்த் துண்டு.

"இது வீடு இல்லைன்னு நானாச் சொல்லலைங்க மேடம்," என்றார். "பேப்பர்லயே வந்திருக்கு. பல வருஷமா நடக்கிற கடைன்னு போட்டிருக்கு. படத்துல எங்கேயாவது வீடு தெரியுதா, நீங்களே பாருங்க."

கார்குழலி எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பையிலிருந்து நெகடிவை எடுத்தாள். முந்தின நாள் அவளே புதிதாகப் போட்டிருந்த இன்னொரு பிரிண்டையும் எடுத்து வைத்தாள். அதில் அறையின் உட்புறம் முழுக்க வெளுப்பாகத் திறந்திருந்தது. பாய், தலையணை, குடங்கள், சீருடையின் பாக்கெட்டில் குத்திய பள்ளி பேட்ஜ்கூடத் தெரிந்தது.

"சார், ரெண்டும் ஒரே நெகடிவ்தான். அன்னிக்கு நான்தான் பின்பக்கத்தக் கருப்பாக்கினேன். போர்டுல வெளிச்சம் வர வெச்சதும் நான்தான். அது... படம் நல்லா வரணும்னு செய்யறது சார். நெகடிவப் பாருங்க, எல்லாம் இருக்கு."

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நெகடிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அதில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

"அப்போ நீங்க நெனச்சா இருக்கிறத இல்லாம ஆக்கலாம்."

"ஆமா சார்."

"இல்லாததை இருக்கிற மாதிரியும் ஆக்கலாமே மேடம்? முதல்ல போட்டது பொய்யின்னா, இது மட்டும் எப்படி நெசம்? நான் மேல எழுதினா என்னைக் கேப்பாங்க."

கார்குழலி நெகடிவைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள். மாயாதான் எழுந்தாள். "வா மா, போலாம்" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு கார்குழலி எங்கெல்லாமோ ஏறி இறங்கினாள். வக்கீல் ஒருவரைப் பிடித்தாள். தேவகிருபை டீச்சர் பள்ளியின் முத்திரை வைத்து, இந்த மாணவி இந்த விலாசத்தில்தான் வசிக்கிறாள் என்று சான்று கொடுத்தார். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இடிக்கிற நாள் மட்டும் நகரவில்லை.

அன்று நாங்கள் போனபோது பொக்லைன் அந்த வரிசையின் பாதிக்கு வந்துவிட்டது. சனங்கள் லாரிகளில் கட்டில்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மா ஏறப் போனவள் திரும்ப இறங்கி வந்து கெங்கம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாம நான் அங்க போயி இன்னா பண்ணுவேன்க்கா" என்று கதறினாள். அவள் பிள்ளைகள் அவளைப் பிரித்து ஏற்றினார்கள். லாரி போய்விட்டது.

சௌமியாவும் இன்னும் சில பிள்ளைகளும் கேமராவோடு வந்திருந்தார்கள். சௌமியா தன்னுடையதை மாயாவிடம் நீட்டினாள். "நீ எடுடி. உன் வூடு."

மாயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீயும் எடுக்காத. யாரும் எடுக்காதீங்கோ." பிள்ளைகள் கேமராக்களை இறக்கிவிட்டார்கள்.

இயந்திரம் வாசலை நெம்பியபோது பலகை மல்லாந்து விழுந்தது. கார்குழலி மாயாவின் தோளைத் தொட்டாள். அந்தப் பெண் நகர்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு நான் கேட்டேனே மிஸ்," என்றாள். சத்தம் போடவில்லை. "வூடு தெரிய வேணாமான்னு கேட்டேனே. உங்களுக்குப் படந்தான் நல்லா வரணும்."

கெங்கம்மா மகளை இழுத்து ஓர் அறை விட்டாள். "யாரப் பாத்து இன்னா பேசுற? அந்த மிஸ் உனுக்கு இன்னாடி கெடுதல் பண்ணிச்சி?" என்று கத்திவிட்டு, அப்படியே இட்லிப் பானையின் மேலே உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டு அழுதாள். கார்குழலி அழவில்லை. அந்த அறை தன் கன்னத்தில் விழுந்ததுபோலக் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையே இருவரையும் வியாசர்பாடிக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். டில்லிபாபு கூடத்தைக் காலிசெய்து கொடுத்துவிட்டு, மாடிப்படியடியில் படுத்துக்கொண்டார். மழை தொடங்கும் வரைக்கும் இருந்தார்கள். மாயா யாரிடமும் கோபமாக இல்லை. பாத்திரம் கழுவினாள், தண்ணீர் பிடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பள்ளிக்கு மட்டும் வரவில்லை. ஒருநாள் கார்குழலி வேலைக்குப் போயிருந்தபோது, வீட்டைப் பெருக்கித் துடைத்து, சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, இருவரும் போய்விட்டார்கள். காசிமேட்டில் இறால் உரிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகப் பிறகு தெரிந்தது. கார்குழலி அங்கே போய் மன்றாடியும் மாயா திரும்பவில்லை. மனுவுக்கு ஒரு வருடம் கழித்துப் பதில் வந்தது. ஏற்பதற்கில்லை என்று.

ஸ்டோர் ரூம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கேட்டால், கெமிக்கல் வரவில்லை என்பாள். ஒருநாள் தேவகிருபை டீச்சர் அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார். நான் உள்ளேதான் இருந்தேன்.

"இந்தப் பிள்ளைக என்ன பாவம் செஞ்சுது? ஒருத்திய இழந்தேன்னு எல்லாத்தையும் பட்டினி போடுவியா?"

"பயமா இருக்கு டீச்சர். ஒரு புள்ள கையப் புடிச்சி, இந்த எடத்தக் கருப்பாக்குன்னு சொல்ல முடியல. அதுக்குள்ள யாரு கீறாங்களோன்னு இருக்கு."

தேவகிருபை டீச்சருக்கு எப்போதும் ஒரு பைபிள் வசனம் தயாராக இருக்கும். அன்று அவர் எழுந்து வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

இந்த வருடம் அவள் மறுபடியும் வகுப்பைத் தொடங்கினாள். இப்போது பிள்ளைகளின் படத்தில் கைவைப்பதில்லை. அவர்களாகக் கேட்டால் எப்படி மறைப்பது, எப்படி வாட்டுவது என்று ஒரு வெறும் சுவரின் படத்தில் செய்து காட்டுவாள். படங்களை வெளியே மாட்டுவதில்லை. நல்ல படம் வந்தால் முகம் ஒரு கணம் மலரும். அப்புறம் என்னவோ ஞாபகம் வந்ததுபோல டப்புகளைக் கழுவப் போய்விடுவாள்.

போன மாதம் கெங்கம்மா ரயிலில் கார்குழலிக்கு எதிர்ப்பட்டாள். கும்மிடிப்பூண்டி வண்டியில், பெண்கள் பெட்டியில். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாளாம், அங்கேயே ஒரு மூலையில் இருக்கிறாளாம். மாயாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனுக்குப் பாகங்கள் செய்கிற இடத்தில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள். "போயி பாரு மிஸ். நீ போனா ஒண்ணும் சொல்ல மாட்டா. உம்பேச்ச எடுத்தா மட்டுந்தான் அவ கண்ணு கலங்கும்" என்று நம்பரைக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்குழலியும் டில்லிபாபுவும் அவர் வண்டியில் போனார்கள். ஹாஸ்டலுக்குள் யாரையும் விடுவதில்லை. கேட்டில் சொல்லி அனுப்பி, வெயிலில் வெகுநேரம் நின்றார்கள். மாயா நீலச் சட்டையில் வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியை வலைக்குள் அடக்கியிருந்தாள்.

"இன்னா வேல மாயா?"

"போனுக்குள்ள கீற பலகையில ஈயம் வெச்சிருப்பாங்க மிஸ், குட்டி குட்டியா. பூதக்கண்ணாடில பாத்து, எங்கனா விட்டுப்போயிருந்தா சொல்லணும். என் கண்ணு ஷார்ப்புன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நான் பாத்ததுல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாம்.

பிளஸ் டூவை வெளியில் இருந்து எழுதலாம், நான் எல்லாம் செய்கிறேன் என்று கார்குழலி ஆரம்பித்தாள். மாயா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "பாக்கலாம் மிஸ். மொதல்ல அம்மாவுக்கு ஒரு வாடக வூடு புடிக்கணும்" என்றாள்.

"எம்மேல கோவமா கீறியா?"

அந்தப் பெண் கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கோவம் இல்ல மிஸ். அந்த எடத்துல இப்போ ரோடு போட்டுட்டாங்களாம். பச்சையம்மா அத்தை போன்ல சொல்லிச்சி. எது எங்க இருந்திச்சின்னு தெரிலியாம். அத்தையாண்ட நான் அப்போத்துலேர்ந்து பேசவேயில்ல."

உள்ளே மணி அடித்தது. மெஸ்ஸில் சாப்பாட்டு நேரம். போகத் திரும்பியவள் நின்று, "சாப்ட்டீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்று பொய் சொன்னாள் கார்குழலி.

திங்கட்கிழமை காலையில் என் மேஜை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் இரண்டாம் பிரிவேளைக்கு மணி அடித்தது. அவளுக்கு அப்போது புகைப்பட வகுப்பு. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு கதவு வரைக்கும் போனவள், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் வராந்தாவில் "மிஸ், சாவி மிஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வூட்ட வுட்டுப் போன அன்னிக்குகூட அந்தப் புள்ள எனக்குச் சோறு வடிச்சி வெச்சிட்டுப் போச்சிக்கா," என்றாள். "நான் அத்த எப்டி சாப்டேன்னு எனக்கே தெரியல."

நான் எழுந்து அவளிடம் போனேன். அவள் கையில் இருந்த சாவியை வாங்கி, வராந்தாவில் நின்ற பிள்ளைகளிடம் கொடுத்து, மிஸ் பின்னால் வருவார்கள், நீங்கள் போய்த் திறங்கள் என்று அனுப்பினேன்.